பேர் சொல்லா மருந்து: வசம்பு விற்கும் சகோதரர்களுக்கு ஒரு பாடம்



பிரிஞ்சாங்கில் உள்ள நமது கடையில், கல்லாவுக்குப் பின்னால் ஒரு மர அலமாரி இருக்கிறது. சுக்கு, திப்பிலி, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், கருஞ்சீரகம் முதலிய நாட்டு மருந்துச் சரக்குகளை அதில் டப்பா டப்பாவாக அடுக்கி வைத்திருக்கிறோம். இவற்றுள் எல்லாவற்றையும் மக்கள் பெயர் சொல்லித்தான் கேட்பார்கள். ஒன்றை மட்டும், விளக்கு வைத்த பிறகு வருகிற வயதான பெண்மணிகள் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. “நானா, அந்தப் பேர் சொல்லா மருந்து ரெண்டு வெள்ளிக்குக் குடுங்க” என்பார்கள். நாமும் மறுபேச்சின்றி எடுத்துக் கட்டிக் கொடுப்போம். அதுதான் வசம்பு.

நாம் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்லர். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியுமே நமது கல்வி. ஆயினும், தான் விற்கும் சரக்கு இன்னது, அதன் குணம் இன்னது, குற்றம் இன்னது என்று அறிந்திருப்பது வியாபாரியின் கடமை. வசம்பு விஷயத்தில் அந்தக் கடமையில் நாம் ஒரு முறை தவறிவிட்டோம். அந்தத் தவறு நமக்குக் கற்றுக் கொடுத்ததையே இந்தப் பாடமாக எழுதுகிறோம்.

சரக்கு எது?

வசம்பு நீரும் சேறும் உள்ள இடத்தில் வளரும் பூண்டு. குளக்கரை, ஓடைக்கரை, சதுப்பு நிலம் ஆகியவை அதற்கு உகந்தவை. இலைகள் வாள் போல நீண்டு, நுனி கூர்ந்திருக்கும். நாம் விற்பது இலையை அல்ல. மண்ணுக்குள் படுத்தபடி ஓடும் கிழங்கை. விரல் பருமன், கணுக்கணுவான உடம்பு, மேலே பழுப்பு, உள்ளே வெளுப்பு. முறித்து மூக்கருகே கொண்டு போனால் காரமும் இனிப்பும் கலந்த ஒரு நெடி அடிக்கும். ஒரு முறை முகர்ந்தவர் மறக்க மாட்டார்.

வடமொழியில் இதை வசா என்பார்கள். பேச்சு என்ற பொருளோடு தொடர்புடைய சொல் அது. குழந்தைக்குத் திருத்தமான பேச்சு வர இதைக் கொடுக்கும் வழக்கம் அதனோடு சேர்ந்தது. தமிழில் வசம்பு என்பதோடு, பிள்ளை வளர்ப்பான் என்றும் பேர் சொல்லா மருந்து என்றும் வழங்குகிறது. மலையாளத்தார் வயம்பு என்பர். பொன்னோடு சேர்த்து உரைத்துப் பிறந்த குழந்தையின் நாவில் தடவுவது அவர்கள் வழக்கம். சிங்களத்தில் வதகஹ. அரபு மொழியில் வஜ். இப்னு சீனா (980–1037) தமது ‘அல்-கானூன்’ என்னும் மருத்துவ நூலில் தனிச் சரக்குகளை வரிசைப்படுத்திய இரண்டாம் பாகத்தில் வஜ்ஜுக்கும் இடம் கொடுத்திருக்கிறார். இன்றைக்கும் யூனானி வைத்தியர்கள் வஜ் என்றே கேட்கிறார்கள். ஆக, நமது டப்பாவில் கிடக்கும் இந்தக் காய்ந்த கிழங்கு ஆயிரம் ஆண்டுகளாகப் பல தேசத்து வைத்தியரும் வியாபாரியும் கை மாற்றி வந்த சரக்கு.

ஒரே கிழங்கு, நான்கு வாசல்

பிரிஞ்சாங் ஐயாயிரம் அடி உயரத்தில் உள்ள ஊர். 1929இல் போ தேயிலைத் தோட்டமும், 1930களில் மற்றத் தோட்டங்களும் இந்த மலையில் தோன்றிய நாள் முதல் பல ஜாதியாரும் இங்கே வந்து சேர்ந்தார்கள். கொழுந்து எடுக்க அன்று தமிழர் வந்தனர்; இன்று வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் வந்திருக்கிறார்கள். காய்கறித் தோட்டம் வைத்த சீனரும், அரசாங்க உத்தியோகத்தில் உள்ள மலாய்க்காரரும் நமது கடைக்கு வருகிறவர்களே. இவர்கள் ஒருவர் பாஷையை ஒருவர் சரியாக அறியார். ஆனால் வசம்பு விஷயத்தில் எல்லாரும் ஏறக்குறைய ஒன்றையே நம்பி வந்திருக்கிறார்கள்.

தோட்டத்துத் தமிழ்த் தாய்மார், வசம்பைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் குழந்தையின் கையில் வளையலாகக் கட்டுவார்கள். கண்ணேறு படாது, காற்றுக் கறுப்பு அண்டாது என்பது நம்பிக்கை. பெயரைச் சொன்னால் மருந்து பலிக்காது என்பதும் அதோடு ஒட்டியதுதான். மலாய்க்காரர் இதை ஜெரங்காவ் என்பர். பிள்ளை பெற்ற வீட்டில் தீய ஆவிகள் நெருங்காதிருக்க, ஜெரங்காவையும் போங்லாய் என்னும் இஞ்சி வகையையும் சேர்த்து வைப்பது அவர்களுடைய பழைய வழக்கம். ஜாவாக்காரர் அதே ஜோடியை டிலிங்கோ, பெங்லே என்று சொல்லி, கர்ப்பிணியின் உடையிலும் குழந்தையின் துணியிலும் ஊசியால் குத்தி வைப்பார்கள். சீனர்களோ தங்கள் ஐந்தாம் மாதத்து ஐந்தாம் நாளில் வசம்பு இலையையும் மாசிபத்திரி இனத்து இலையையும் சேர்த்து வாசலில் கட்டுவார்கள். வாள் போன்ற அந்த இலை தீமையை வெட்டும் என்பது அவர்கள் எண்ணம்.

நான்கு கூட்டத்தார், நான்கு பாஷை, ஒரே கிழங்கு. யாரிடமிருந்து யார் கற்றார் என்ற விசாரணை நமக்கு வேண்டாம். எல்லாரும் இதையே ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்பதுதான் பிரயோஜனம்.

நெடியின் வேலை

நமது வாப்பா அரிசி மூட்டைகளுக்கு இடையே வசம்புத் துண்டுகளைப் போட்டு வைப்பார்கள். வண்டு வராது. உம்மாவின் துணிப்பெட்டியிலும் ஒரு துண்டு கிடக்கும். பட்டுச் சேலையைப் பூச்சி அரிக்காது. தமிழ்நாட்டில் ஏட்டுச் சுவடிகளைப் பாதுகாத்தவர்களும் வசம்பை உபயோகித்தார்கள். விதைக்கு வைத்த பயற்றில் வசம்புப் பொடியைக் கலப்பது இன்றும் விவசாயிகள் செய்வதுதான்.

இது வெறும் நம்பிக்கை அல்ல. வசம்பு எண்ணெயில் அசரோன் என்ற ஒரு பொருள் இருக்கிறது. அதில் பீட்டா அசரோன் என்ற வகை பூச்சிகளை விரட்டுவதோடு அவற்றின் இனவிருத்தியையும் தடுக்கிறது என்று விஞ்ஞானிகள் 1970களிலேயே கண்டு எழுதியிருக்கிறார்கள்.

இப்போது பழைய காலத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். மண் தரை, கூரை வீடு, இருட்டு அறை. அங்கே பச்சைக் குழந்தையைக் கடித்துத் தூக்கத்தைக் கெடுத்தவை ஈயும் எறும்பும் பூச்சியுந்தான். வசம்பு வைத்த இடத்தில் அவை குறைந்திருக்கும். குழந்தையும் நன்றாகத் தூங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத தீமையை அது விரட்டியது என்று தாய் நினைத்ததில் வியப்பென்ன? நான்கு கூட்டத்தாரின் நம்பிக்கைக்கும் அடியில் அனுபவம் ஒன்று இருந்திருக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ஆகையால் அவர்களை அறிவிலிகள் என்று ஏளனம் செய்வது தகாது.

ஆனால் இதே இடத்தில்தான் சறுக்கலும் இருக்கிறது. வெளியே வைத்தால் நன்மை செய்வது உள்ளே போனாலும் நன்மையே செய்யும் என்று மனம் எண்ணிக்கொள்கிறது. வண்டின் வம்சத்தை அறுக்கும் பொருளை, பிறந்து நாற்பது நாள் ஆன குழந்தையின் வயிற்றில் விடலாமா என்று நாம் நின்று யோசிப்பதில்லை.

நமது கடையில் நடந்தது

சில வருஷங்களுக்கு முன் வாடிக்கையாளருக்கு வசதியாக இருக்கட்டும் என்று வசம்பை அரைத்துப் பொடியாக்கிச் சிறு பொட்டலங்களாக விற்கத் தொடங்கினோம். கிழங்காக விற்பதைவிடப் பொடியில் லாபமும் சற்று அதிகம். அதை மறைப்பானேன்? பொட்டலத்தின் மேல் சரக்கின் பெயரையும் விலையையும் எழுதினோம். வேறெதுவும் எழுதவில்லை.

தோட்டத்து வீடு ஒன்றிலிருந்து ஒரு இளம் தாய் வந்து ஒரு பொட்டலம் வாங்கிப் போனாள். குழந்தைக்கு இரண்டு மாதம். வயிற்று உப்புசத்தால் இரவெல்லாம் அழுகை. வசம்பு நல்லது என்று கைப்பேசியில் யாரோ பேசியதைக் கேட்டிருக்கிறாள். மாமியார் வெளியூர் போயிருந்த சமயம். பொடியில் கால் கரண்டி எடுத்துத் தேனில் குழைத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டாள். குழந்தை அன்றிரவு விடாமல் வாந்தி எடுத்தது. விடியும்போது அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தது. மழையிலும் மூடுபனியிலும் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஊசி வழியாக நீர் ஏற்றினார்கள். அல்லாஹ்வின் அருளால் மூன்றாம் நாள் குழந்தை பிழைத்து வீடு திரும்பியது.

அடுத்த வாரம் அந்த மாமியார் கடைக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே நினைத்தோம். அவர் ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. மிச்சமிருந்த பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். “நானா, நாங்க உரைச்சுக் குடுத்த காலத்துல கல்லு அளவு சொல்லுச்சு. இந்தப் பொட்டலம் ஒண்ணும் சொல்லலையே” என்றார். பிறகு வழக்கம்போல அரிசியும் பருப்பும் வாங்கிக்கொண்டு போனார்.

அந்தச் சொல் இன்றும் நமது நெஞ்சில் தைத்தபடி இருக்கிறது.

உரைகல் சொன்ன அளவு

அவர் சொன்னதன் பொருளை யோசித்துப் பார்த்தோம். பழைய முறையில் கிழவிகள் என்ன செய்தார்கள்? கிழங்கை விளக்குச் சுடரில் சுட்டுக் கரியாக்கினார்கள். அந்தக் கரியை எண்ணெயில் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் பற்றுப் போட்டார்கள். அது வெளிப்பூச்சு. உள்ளுக்குக் கொடுத்தபோது ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காயோடு வசம்பையும் கல்லில் உரைத்தார்கள். உரை மருந்து என்றே அதற்குப் பெயர். ஒரு உரை, இரண்டு உரை என்பதுதான் கணக்கு. காய்ந்த கிழங்கைக் கல்லில் ஒரு முறை இழுத்தால் ஒட்டுவது எவ்வளவு? விரலால் வழித்தால் கறை அளவுகூட வராது.

கால் கரண்டிப் பொடியோ எத்தனையோ உரைக்குச் சமம். பொருள் அதேதான், பெயர் அதேதான், அளவு மட்டும் மாறிவிட்டது. கல்லும் கிழவியின் கையும் சேர்ந்து காத்து வந்த அளவை நமது அரைக்கும் இயந்திரம் ஒரு நிமிஷத்தில் அழித்துவிட்டது. மருந்து மட்டும் கடைக்கு வந்தது. மருந்தோடு இருந்த அறிவு கடைக்கு வரவில்லை. இதுவே நாம் கற்ற முதல் பாடம்.

அப்படியானால் கல்லில் உரைத்துக் கொடுப்பது சரியா என்று சகோதரர்கள் கேட்கலாம். அதற்கும் இன்றைய மருத்துவம் பதில் சொல்கிறது.

மருத்துவர் சொல்வது

அமெரிக்காவில் 1960களில் வசம்பு எண்ணெயை எலிகளுக்கு நெடுநாள் உணவோடு கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் குடலில் கட்டிகள் உண்டாயின. அந்தச் சோதனைக்கு எடுத்தது நமது இந்தியாவின் ஜம்முவில் விளைந்த வசம்பின் எண்ணெய்தான். 1968இல் அமெரிக்க அரசாங்கம் வசம்பையும் அதன் எண்ணெயையும் உணவில் சேர்க்கத் தடை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2008இல் இயற்றிய சட்டத்தில், பீட்டா அசரோன் மிகுந்த ஆசிய வகையை உணவு வாசனைப் பொருளாக உபயோகிக்கக் கூடாது என்று விதித்தது. வட அமெரிக்காவில் விளையும் ஒரு வகையில் இந்தப் பொருள் இல்லை. நமது கடைக்கு வரும் இந்தியச் சரக்கிலோ அது மிகுதியாக இருக்கிறது. எலிக்கு வந்தது மனிதனுக்கும் வரும் என்று சொல்லிப் பயமுறுத்துவது நமது நோக்கம் அல்ல. ஆனால் இவ்வளவு தெரிந்த பிறகும் தெரியாதவர்போல விற்கலாமா?

அது நாள்பட்ட கேடு. உடனடிக் கேடு வாந்தி. வசம்பு அளவு மீறினால் கடுமையாக வாந்தி உண்டாக்கும். பெரியவர் தாங்குவார், பச்சைக் குழந்தையின் உடம்பிலிருந்து நீர் வற்றினால் சில மணி நேரத்தில் ஆபத்து.

இதோடு இன்னும் சில உண்டு. தேனில் குழைத்துக் கொடுப்பது வழக்கம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனே ஆகாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விஷம் குழந்தையின் தசைகளைச் செயலறச் செய்துவிடும். எண்ணெயில் குழைத்து வாயிலோ மூக்கிலோ சொட்டுவிட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கிச் சளிக் காய்ச்சல் உண்டாக்கும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும், தண்ணீரும்கூட, வேண்டாம்; வைத்தியர் கொடுக்கும் மருந்து மட்டுமே விதிவிலக்கு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆக, உரைத்துக் கொடுப்பதும் இன்று தேவையில்லாத ஒன்றே.

கையில் கட்டும் வளையலையும் கவனியுங்கள். மூன்று நான்கு மாதக் குழந்தை எதைக் கண்டாலும் வாயில் வைக்கும். தன் கையைத்தான் முதலில் வைக்கும். வெளிக்காவலாகக் கட்டிய வசம்பு இப்படி உள்ளே போய்விடுகிறது. கயிறு நைந்து துண்டு கழன்றால் தொண்டையிலும் அடைக்கும்.

மார்க்கத்தின் பார்வை

நமது வீடுகளிலும் இந்தக் கிழங்கு காவலாகத் தொங்கியது உண்டு. நமக்கே சிறு வயதில் அரைஞாணில் உம்மா கட்டி விட்டிருந்தார்கள். அன்பினால் செய்தார்கள், அல்லாஹ் அவர்களுக்கு அருள் புரிவானாக. ஆனால் மருந்து என்பது வேறு, காவல் என்பது வேறு. நோய்க்கு மருந்து தேடுவது மார்க்கம் அனுமதித்தது. ஒரு கிழங்கோ கயிறோ தானாகவே தீங்கைத் தடுக்கும் என்று அதன்மேல் உள்ளத்தைச் சார்த்துவது ஈமானுக்குக் கேடு. கண்ணேறுக்குப் பாதுகாப்புத் தேட குர்ஆனின் கடைசி இரண்டு சூராக்கள் நம்மிடம் இருக்கின்றன. அவற்றை ஓத ஒரு காசும் வேண்டாம். அதனால் எந்தக் குழந்தைக்கும் வாந்தி வராது. மேல் விவரங்களை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக.

வியாபாரிக்கு இரண்டு ஹதீஸ்கள் இங்கே நினைவுக்கு வர வேண்டும். தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்து வைத்திருந்த வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி நாம் எல்லாரும் மதரஸாவில் கேட்டதே. சரக்கின் குறையை வாங்குகிறவர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்பது அதன் போதனை. மற்றொன்று, மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து கேடு விளைந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்பது. கல்லாவில் உட்கார்ந்தபடி “இதைக் கொடுங்கள், சரியாகிவிடும்” என்று சொல்கிற ஒவ்வொரு முறையும் நாம் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறோம். பொட்டலத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டதும் ஈரத்தை அடியில் வைத்ததற்கு ஒப்பானதே என்று நாம் உணர்ந்தோம்.

இனி என்ன செய்வது?

வசம்பை அடியோடு விலக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அது நல்ல சரக்கு. அதன் இடத்தில் இருக்க வேண்டும். நமது கடையில் இப்போது பின்பற்றும் முறை இதுதான்.

பொடியாக விற்பதை நிறுத்திவிட்டோம். முழுக் கிழங்காக மட்டுமே கொடுக்கிறோம். பொட்டலத்தின் மேல் “குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது” என்று தமிழிலும் மலாயிலும் பெரிய எழுத்தில் ஒட்டுகிறோம். துணிப்பெட்டிக்கும் விதைக்கும் என்று கேட்கிறவருக்குத் தாராளமாகக் கொடுக்கிறோம். சாப்பாட்டு அரிசியில் மட்டும் கலக்க வேண்டாம் என்கிறோம். நமது மூட்டைகளுக்கு இடையிலும் இப்போது வசம்பு போடுவதில்லை. தயாரித்து அடைத்த நாட்டு மருந்து எதுவானாலும் மலேசிய அரசாங்கப் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்தே கொள்முதல் செய்கிறோம். மால் என்ற மூன்று எழுத்தில் அந்த எண் தொடங்கும்.

கைக்குழந்தைக்கு என்று யாராவது கேட்டால், முதலில் குழந்தைக்கு என்ன செய்கிறது என்று விசாரிக்கிறோம். வயிற்று உப்புசம் என்றால், பால் குடித்தபின் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யச் சொல்கிறோம். காய்ச்சல், விடாத வாந்தி, பால் குடிக்காமை, துவண்டு போதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் கடையில் நிற்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்கிறோம். வண்டி இல்லாதவர்களுக்கு நமது சரக்கு வண்டியை ஒரு முறை அனுப்பியும் இருக்கிறோம்.

இதனால் வியாபாரம் குறைந்ததா என்று சகோதரர்கள் கேட்கலாம். வசம்பில் சில வெள்ளி குறைந்தது உண்மை. ஆனால் அந்த மாமியார் இன்றும் நமது கடையில்தான் சாமான் வாங்குகிறார். அந்தக் குழந்தை இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறது. கடைக்கு வந்தால் மிட்டாய் ஜாடியைக் காட்டி, நன்றாகவே பேசுகிறது. வசம்பு இல்லாமலேயே வந்த பேச்சு அது.

பெயர் சொல்லாத மருந்தாக அது இருந்துவிட்டுப் போகட்டும். அதன் குணத்தையும் குற்றத்தையும் மட்டும் நாம் சொல்லாமல் விடக் கூடாது. நமது தராசு சரக்கை நிறுப்பதுபோல, நாம் சொல்லிய சொல்லையும் சொல்லாமல் விட்டதையும் நிறுக்கும் தராசு ஒன்று நாளை இருக்கிறது. அதற்கு அஞ்சி வியாபாரம் செய்ய வல்ல அல்லாஹ் நம் எல்லாருக்கும் அருள் புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.